தானாக நிற்கும் சார்ஜர்

வீடு மாற்றுகிற நாட்களில் நல்ல நல்ல மனிதர்களுக்கே புத்தி தடுமாறிப்போகும். துருப்பிடித்த பூட்டைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவார்கள், உட்கார லாயக்கான நாற்காலியைத் தெருவில் விட்டுவிட்டுப் போவார்கள். டிரைவரக்கா அந்த ரகமில்லை. ரொட்டி கம்பெனி வண்டியில் எந்தத் தட்டை எங்கே அடுக்கினால் எது நசுங்காது என்று தினமும் பார்த்துப் பழகியவள். வீட்டுச் சாமான்களையும் அதே கையோடு பிரித்து, எடுப்பது இது, கழிப்பது இது என்று மளமளவென்று முடிவு கட்டிவிட்டாள். ஒரே ஒரு விஷயம்தான் இழுத்துக்கொண்டே போனது. புது வீட்டு பால்கனியில் அவளுடைய பேட்டரி சார்ஜரை வைப்பதா, தையற்காரரான அவள் புருஷனின் மெஷினை வைப்பதா?

புது வீடு முதல் மாடி. அறைகள் இரண்டு, ஜன்னல்கள் இரண்டு, இரண்டும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி. பகலிலேயே விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே இடம் அந்த பால்கனி. தையலுக்கு வெளிச்சம் வேண்டும், சார்ஜருக்குக் காற்று வேண்டும். இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சார்ஜ் ஏறுகிற பேட்டரி அமில ஆவி விடும். அந்த ஆவி பட்ட சட்டை அடுத்த துவைப்பில் சல்லடையாகிவிடும். வாடிக்கையாளர் சட்டையில் ஓட்டை விழுந்தால் அப்புறம் தையற்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

"சார்ஜரையே வைம்மா" என்று தையற்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். "எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. மெஷினை யாருக்காவது குடுத்துட்டு நிம்மதியா உக்காந்திருக்கேன்."

அவர் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததுதான் அக்காவுக்கு உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பாள், ஜெயித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவரோ பிடி கொடுக்காமல் கையில் இருந்த சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்ததிலிருந்து படுக்கிற வரை அந்த மெஷினோடுதான் மனிதர் கிடப்பார். அதைக் கொடுத்துவிட்டு என்ன செய்வார் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆனால் சார்ஜரை விடவும் மனம் வரவில்லை. அது சாதாரணச் சார்ஜர் இல்லை.

பார்வைக்கு என்னவோ சின்ன டிரங்குப் பெட்டிதான். பச்சைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்து, தூக்கினால் இடுப்பைப் பிடிக்கும் கனம். முன்பக்கம் கண்ணாடி போட்ட மீட்டர், அதற்குள் ஒரு முள். கீழே ஒரு தடித்த சுவிட்ச். அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் குமிழ். மூடிப்போன ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பின் சாமான்களோடு சாமானாகக் கிடந்ததை அக்கா பேரம் பேசி வாங்கி வந்தாள். "இந்தச் சிவப்புக் குமிழ்தான் இதுக்கு மூளை. பேட்டரி நிறைஞ்சதும் தானா நின்னுடும்" என்று சொல்லித்தான் விற்றவன் விற்றான். கூட வண்டி ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அண்ணன் வீடு தேடி வந்து பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் போறதைப் பல்லக்குல தூக்கிட்டு வந்துட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் விடியற்காலை வண்டிக்குப் போகுமுன் பின்வாசல் தாழ்வாரத்தில் ஒரு பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஊர் முழுக்க ரொட்டி இறக்கிவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால், பேட்டரி நிறைந்திருந்தது. சார்ஜரின் சுவிட்ச் தானாகக் கீழே இறங்கி நின்றிருந்தது! அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டு, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டை ஆறவைத்தாள்.

அதிலிருந்து ஒருநாள்கூட அந்தப் பெட்டி அவளை ஏமாற்றியதில்லை. வண்டியில் ஒரு பேட்டரி, சார்ஜில் ஒரு பேட்டரி. எவ்வளவு குளிராக இருந்தாலும் சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமும். விஷயம் தெருவில் பரவியது. வண்டி படுத்துக்கொண்டவர்கள் எல்லாம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விடியும்போது போடுவாள், வரும்போது முடிந்திருக்கும். பேட்டரிக் கடைக்காரருடைய கடையிலேயே நாலில் ஒன்று மறதியில் கொதித்துப் பாழாகும்போது, அக்கா வீட்டில் ஒன்றுகூடக் கெட்டதில்லை. "அதை எனக்குக் குடுத்துடுங்கக்கா, புதுசாவே ஒண்ணு தர்றேன்" என்று கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "என் மூக்குத்தியைக் கேளுங்க தம்பி, கழட்டித் தர்றேன்" என்பாள் அக்கா. திறந்து பார்க்கக்கூட விட்டதில்லை.

பெருமைதான். இருக்காதா பின்னே? ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண்ணாக வண்டி ஓட்டுகிறவள். அவள் தேர்ந்தெடுத்த ஒரு பொருள், எல்லாரும் சிரித்த பொருள், எல்லாரையும் வாயடைக்க வைத்திருக்கிறது. விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுக்குமுன் சார்ஜரைக் காட்டுவாள். ஒரே ஒரு குறை, அந்த மீட்டர் கண்ணாடியில் அடிக்கடி ஒரு நீலக் கிறுக்கல் விழுந்திருக்கும். தெருப் பிள்ளைகளின் வேலை என்று திட்டிக்கொண்டே முந்தானையால் துடைப்பாள். நாலு நாளில் மறுபடி இருக்கும்.

தையற்காரருக்கும் அந்தச் சார்ஜருக்கும் ஆகவே ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. "இந்தச் சனியன் உறுமுற உறுமல்ல ரேடியோ கேக்க முடியுதா?" என்பார். "நாத்தம் குடலைப் புரட்டுது" என்பார். முணுமுணுப்பதோடு சரி, வாசலைத் தாண்டவும் மாட்டார். அக்காவின் பெரிய மனக்குறையே அதுதான். தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி. சினிமாவுக்குக் கூப்பிட்டால் அவசரத் தையல். மகள் பள்ளியில் பரிசு வாங்கிய அன்றைக்கு, கூட்டம் கலைகிற நேரத்துக்கு வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "உங்கப்பாவை வீட்டோட சேத்து ஆணி அடிச்சு வச்சிருக்கு" என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது.

வீடு மாற்றுவதற்கு முந்தின வாரம், அக்காவுக்கு விடுமுறை நாள். தையற்காரர் தன் தமக்கை வீட்டுக்கு ஒரு மூட்டைச் சாமான் கொடுத்துவரக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டவர் படியில் நின்று திரும்பினார்.

"இன்னைக்குச் சார்ஜ்ல ஒண்ணும் போடலையே?"

"லீவு நாள்ல எதுக்குங்க? போயிட்டு வாங்க."

அவர் போய் டீ ஆறுவதற்குள் எதிர்வீட்டு ஐஸ் வண்டிக்காரர் பேட்டரியைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார். நாளைக்குக் கட்டாயம் வண்டி எடுக்க வேண்டும், கொஞ்சம் சார்ஜ் போட்டுக் கொடுங்கள் என்றார். அக்கா கிளிப்புகளை மாட்டி, சுவிட்சை மேலே தள்ளிவிட்டு, பாத்திரம் கட்ட உள்ளே போனாள். அதைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது? தானாக நின்றுவிடும்.

பாத்திரம் கட்டினாள், பரணை ஒழித்தாள், களைத்துப்போய்ச் சற்றுக் கண்ணயர்ந்தாள். எழுந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. பின்வாசலுக்கு ஓடினாள். பேட்டரியின் ஆறு மூடிகளிலும் புஸ்புஸ்ஸென்று நுரை. பக்கவாட்டில் கையை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. பேட்டரியின் வயிறு வீங்கியிருந்தது. சார்ஜர் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளையாக உறுமிக்கொண்டிருந்தது. சுவரிலேயே மின்சாரத்தை நிறுத்தினாள். பேட்டரி போனது கிடக்கட்டும், தன்னுடைய உபரிப் பேட்டரியை ஐஸ் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடலாம். இந்தப் பெட்டிக்கு என்ன கேடு வந்தது?

வேறு வழியில்லாமல் பேட்டரிக் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். அவருக்கோ அது திருநாள். இத்தனை வருஷம் தொடவிடாத பெட்டியைத் திறக்கப் போகிறார். திருப்புளியை எடுத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாலு திருகையும் கழற்றி, மேல்தகட்டைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டியைத் திருப்பிவைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் களை இறங்கிக்கொண்டே போனது.

"என்ன தம்பி, சரிபண்ணிடலாமா?"

"சரிபண்றதுக்கு ஒண்ணும் கெட்டுப்போகலையேக்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"நிக்கிறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்லக்கா. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு மீட்டர், ஒரு சுவிட்ச். அவ்வளவுதான். நாம நிறுத்தினாத்தான் நிக்கும்."

அக்கா சிவப்புக் குமிழைக் காட்டினாள். "இதுதானே மூளை?"

அவர் அதைத் திருகிக் கையில் எடுத்தார். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருந்தது. "இது ஃபியூஸ் மூடி."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் பிள்ளையைத் திருடன் என்று சொன்னால் வருகிற கோபம். "என்ன பேசறீங்க? இத்தனை வருஷமா நின்னுச்சு. தினமும் நான் வந்து பாத்திருக்கேன். சுவிட்ச் கீழ இறங்கியிருக்கும்."

"யாரோ இறக்கியிருக்காங்கக்கா." கடைக்காரர் துணியை எடுத்து மீட்டரைத் துடைக்கப் போனவர், கையை நிறுத்தினார். "இது என்ன கோடு? நீங்க போட்டீங்களா?"

கண்ணாடியின் இடது ஓரத்தில் அந்த நீலக் கிறுக்கல். அக்கா முதல்முறையாக அதை உற்றுப் பார்த்தாள். அது கிறுக்கலே இல்லை. மெல்லிய, நேரான, நடுக்கமில்லாத ஒரே கோடு.

"முள்ளு இது வரைக்கும் இறங்கினா பேட்டரி நிறைஞ்சதுன்னு அர்த்தம். சரியா அந்த இடத்துல போட்டிருக்காங்க" என்றார் கடைக்காரர். "பேனா இல்ல. சாக் மாதிரி இருக்கு."

இந்த வீட்டில் நீலச் சாக்கட்டி யாரிடம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாதா? வெட்டுவதற்கு முன் துணியில் கோடு போட்டுப் போட்டு அவருடைய சட்டைப்பையின் அடி எப்போதும் நீலமாகத்தான் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்து அவள் கைதான் ஓய்ந்துபோயிருக்கிறது.

படியில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தங்கை வீட்டு விசேஷத்தன்றைக்குச் சார்ஜில் ஒரு பேட்டரி இருந்தது. சினிமாவுக்குக் கூப்பிட்ட அன்றைக்கும் இருந்தது. மகள் பரிசு வாங்கிய அன்றைக்கு, காலையில் போட்டுவிட்டுப் போனது அவளேதான். ஒரு தடவை கடற்கரைக்கு அவர் சந்தோஷமாக வந்தாரே, அன்றைக்குச் சார்ஜில் ஒன்றும் இல்லை. தலைவலியும் அவசரத் தையலும் பேட்டரி இருந்த நாட்களில் மட்டுமே வந்திருக்கின்றன. இதைக் கவனிக்காத தன்னைப்போல் ஒரு குருட்டு ஜன்மம் உண்டா என்று தோன்றியது. கூடவே நெஞ்சு கொள்ளாத ஒரு வியப்பு. எப்பேர்ப்பட்ட மனிதர்! கரண்டைக் கண்டால் பயம், பல்பு மாற்றவே அவளைக் கூப்பிடுகிறவர். கொதிக்கிற பேட்டரிப் பக்கத்தில் போய் நின்று, முள்ளைப் பார்த்துப் பழகி, கோடு போட்டு வைத்திருக்கிறார். அவள் துடைக்கத் துடைக்க மறுபடி மறுபடி போட்டிருக்கிறார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தையற்காரர் வந்து சேர்ந்தார். நாற்றம் வாசலிலேயே அவரைப் பிடித்துவிட்டது. செருப்போடு பின்வாசலுக்கு ஓடிவந்தவர், திறந்து கிடந்த பெட்டியையும் வீங்கிப்போன பேட்டரியையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"போடலேன்னு சொன்னியேம்மா" என்றார்.

"அவசரம்னு கேட்டாங்க, போட்டேன். தானா நிக்கல."

அவர் ஒரு நொடிதான் யோசித்தார். "வயசாயிடுச்சுல்ல, பாவம். நேத்து வரைக்கும் நல்லாத்தானே நின்னுச்சு" என்று அப்போதும் பூசி மெழுகப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் யாருங்க நிறுத்தினது?"

தையற்காரரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போயிற்று. கடைக்காரர் திருகுகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

"ஏன் சொல்லல?"

"முதல் நாளே சொல்லத்தான் இருந்தேன். நாத்தம் தாங்காம வந்து பாத்தேன், கொதிக்க ஆரம்பிச்சிருந்துச்சு, நிறுத்தினேன். நீ வந்து சுவிட்சைப் பாத்துட்டு அந்தக் குதி குதிச்சே. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்கண்ணனுக்கு ஃபோன் போட்டுட்டே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"மறுநாள் சொல்லியிருக்கலாமே?"

"மறுநாள் தெருவுக்கே சொல்லிட்டியே."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இத்தனை வருஷமாவா? ஒரு இடத்துக்கு வராம, ஒரு நல்லது கெட்டதுக்குப் போகாம?"

"வீட்டுலதானே இருக்கேன். எந்திரிச்சுப் போய் ஒரு தட்டு தட்டினா முடிஞ்சது. பெரிய வேலையா அது?"

"மெஷினைக் குடுத்துட்டு இதை வைக்கச் சொன்னீங்களே, அது எதுக்கு? உள்ள ஒண்ணும் இல்லாத பெட்டின்னு உங்களுக்குத் தெரியுமே?"

தையற்காரர் தரையைப் பார்த்தார். "மெஷின் போனா எனக்குத் தையல்தான் போகும். இது போனா உன் முகம் வாடிடும். நான் அதைத்தானே தினம் பாக்கணும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டியின் மேல்தகட்டை மூடித் தட்டினார்.

"அக்கா, இதை என்ன பண்ணப் போறீங்க? வச்சுக்கறீங்களா?"

"நீங்கதானே இத்தனை நாளாக் கேட்டுட்டிருந்தீங்க. எடுத்துட்டுப் போங்க தம்பி."

"தானா நிக்கும்னு கேட்டேன். இப்ப மாமாவையும் சேத்துக் குடுத்தா எடுத்துக்கறேன்."

"அது நடக்காது" என்றாள் அக்கா. "பெட்டிய வேணும்னா எடுத்துட்டுப் போங்க. ஆளை நான் தரமாட்டேன்."

தையற்காரருக்குக் காது வரை சிவந்துபோயிற்று. உள்ளே போய்க் கட்டி வைத்திருந்த மூட்டையைக் காரணமில்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினார்.

புது வீட்டு பால்கனியில் தையல் மெஷின் ஏறி உட்கார்ந்தது. பழைய பெட்டிக்கு மாற்றாகக் கடைக்காரர் டிபன் டப்பா அளவில் ஒரு புதுச் சார்ஜரைக் கொடுத்திருந்தார். கொதிக்க விடாது, அதனால் ஆவியும் இல்லை, படிக்கட்டுக்கு அடியில் வண்டி நிற்கிற இடத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். நிறைந்ததும் பச்சை விளக்குக் காட்டி நின்றுவிடும். இதை அவரே கடையில் ஒருநாள் முழுக்க ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் அக்கா வாங்கிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாள் சாயங்காலம் வண்டிப் பேட்டரியை அதில் மாட்டிவிட்டு, "வாங்க, காலாற நடந்துட்டு வரலாம்" என்று அவரைக் கூப்பிட்டாள். சார்ஜில் இருக்கிறதே என்று இழுத்தார். விடவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் நடந்தார். அதற்குப் பிறகு நடை பின்னியது. ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் நின்றார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடட்டுமா?"

முன்பென்றால் அக்கா தெருவைக் கூட்டியிருப்பாள். இப்போது ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் சாய்ந்துகொண்டு, "போயிட்டு வாங்க, நிக்கறேன்" என்றாள். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வேகத்தில் எத்தனை தடவை பின்வாசலுக்கு ஓடியிருப்பார்!

அவர் திரும்பி வந்தபோது வேலை பறிபோனவர் மாதிரி இருந்தார்.

"நின்னுருக்கு" என்றார். "பச்சை விளக்கு எரியுது. தானாவே நின்னுருக்கு."

"நிஜமா?"

"சத்தியமா. நான் தொடவே இல்லம்மா."

"இந்தக் கதையெல்லாம் இனிமே எங்கிட்ட நடக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.